இலவத்துக்கு எந்தக் குடும்பம்?

பூவைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் முகர்வார்கள், தலையில் வைப்பார்கள், சாமிக்குப் போடுவார்கள். எங்கள் ரயில் பெட்டியில் ஒருவர் இருந்தார். அவர் சட்டைப்பையில் காகிதம் சுற்றிய பிளேடு ஒன்று எப்போதும் இருக்கும். பூ கிடைத்ததும் அதை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு நுனி இதழில் படும் அளவுக்குக் குனிந்து, உள்ளே எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். இவர்தான் பின்னால் எனக்கு மைத்துனர் ஆனார். அது அவருக்குப் பிடித்து நடந்த காரியம் இல்லை.

வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம். நான் ஆவடியில் ஏறுவேன், அவர் அம்பத்தூரில் ஏறுவார். எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அவர் பட்டணத்துக் காலேஜ் ஒன்றில் தாவரப் பாடத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது துரை பாடம் நடத்துவார், இவர் பக்கத்தில் நின்று பூவைப் பிளந்து காட்டுவார். துரைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவரும் பிளேடும் அப்படியே இருந்தார்கள்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேர் தெரியாத செடி கிடைத்தால் அதை இரட்டைக் கேள்விகளால் மடக்குவார்கள். இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறிமாறி இருக்கிறதா? இதழ் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா? ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு இழுத்துப் போகும். கடைசியில் செடி தப்ப வழியில்லாமல் தன் குடும்பத்தையும் பேரையும் சொல்லிவிடும். இதற்குச் சாவி என்று பெயர். மற்ற வாத்தியார்கள் சாயங்காலம் இந்தச் சாவியைக் காலேஜிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தார்.

சென்ட்ரலில் காப்பிக் கடைக்காரரிடம், "இது பால்ல தண்ணியா, தண்ணியில பாலா?" என்பார். கடைக்காரர் எந்தப் பதிலைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். டிக்கெட் பரிசோதகர் வந்து கையை நீட்டினால், "சீசனா, தினசரியான்னு மொதல்ல கேளுய்யா. அப்புறம் கையை நீட்டு" என்பார். முடிவெட்டும் கடையில் அவர் நுழைந்ததும் எல்லோருக்கும் திடீரென்று சாப்பாட்டு வேளை வந்துவிடும். பெட்டியில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டுல ஒண்ணு'. அது அவர் காதுக்கும் போயிற்று. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "பேர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டியில் எல்லப்பன் என்று ஒருவர் வருவார். மேனாம்பேட்டுக்காரர், பரம்பரை விவசாயி. வெண்டைக்காய்க் கூடைகளோடு கொத்தவால் சாவடிக்குப் போவார். ஒருநாள் இவர் மடியில் பூவரசம் பூ ஒன்று பிளந்து கிடப்பதைப் பார்த்து எல்லப்பன் வாயைக் கொடுத்தார்.

"இன்னா வாத்யாரே, பூவரசம் பூவா?"

"பூவரசுதான். உன் கூடையில இருக்கே, அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்."

எல்லப்பன் கூடையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "வெண்டிக்காய்க்கா? நல்லாக்கீது கதை. எங்க தாத்தன் வெச்ச மரம் அது. அத்த அறுத்து ரெண்டு வண்டி பண்ணிக்கீறோம். கொயம்புல போட்ற காய் அதுக்குத் தம்பியா? மரம் எங்க, செடி எங்க?"

"ஒசரத்தைப் பாக்காதே, இலையைப் பாக்காதே. அதெல்லாம் மேல்வேஷம். பூவைத் தொறந்து உள்ளே பாரு" என்றார் இவர். பிளந்த பூவை எல்லப்பன் முகத்துக்கு நேரே நீட்டினார். மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாக நின்றன. நடுவில் சூல்தண்டு. "இந்தக் குழாய்தான் அடையாளம். வெண்டை, பருத்தி, பூவரசு, செம்பருத்தி, சாக்கடை ஓரத்துல நிக்கற துத்தி, எதைத் தொறந்தாலும் இதே குழாய். எல்லாம் ஒரே குடும்பம்."

எல்லப்பன் அந்தக் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப, சாக்கட ஓரத்துத் துத்தியும் எங்க பூவரசும் ஒரே பந்தியில குந்தித் துண்ணலாம்ன்றே?"

"துண்ணலாம். எவனும் எழுந்திருன்னு சொல்ல முடியாது."

பெட்டியில் சிரிப்பு அடங்கக் கொரட்டூர் தாண்டிற்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் மனுஷன் மேல் ஒரு மரியாதை வந்தது. நான் ஆவடிக் கிறிஸ்தவன். பந்தியில் எழுந்திரு என்று சொன்ன இடங்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பிடிவாதமும் அவரிடம் உண்டு. பூ இல்லாமல் பேர் சொல்ல மாட்டார். திருநின்றவூர்ப் பண்ணையார் ஒருவர் வேலியோரம் முளைத்த ஏதோ ஒன்றின் கிளையை ஒடித்து ஆள்மூலம் அனுப்பினார். விஷச்செடியா, மாடு தின்னலாமா என்று தெரிய வேண்டும். இவர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூத்தப்புறம் எடுத்துட்டு வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் மாடு தின்றால் என்ன செய்வது என்று ஆள் கேட்டான். "மாட்டுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்" என்றார்.

இத்தனை சாவி வைத்திருந்தவரால் திறக்க முடியாமல் கிடந்தது ஒரு மரம்தான். அம்பத்தூர் ஏரிக்கரையில், அவர் வீட்டுக்குப் பின்னால் நின்ற முள் இலவம். தை, மாசியில் இலையெல்லாம் கொட்டி, மொட்டை மரத்தில் சிவப்புச் சிவப்பாகப் பூக்கும். இந்த இலவத்துக்கு எந்தக் குடும்பம் என்பதில் சீமையிலேயே சண்டை. இங்கிலீஷ்காரர் எழுதிய புத்தகம் இலவத்தைப் பூவரசு குடும்பத்தோடு சேர்த்தது. ஜெர்மன்காரர் புத்தகம் அதைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தது. இரண்டு புத்தகமும் ஒப்புக்கொண்டது ஒன்று: குடும்பம் ஒன்றோ இரண்டோ, வரிசை ஒன்றுதான். உறவுக் குடும்பங்களை அடுத்தடுத்து உட்கார வைப்பதற்குப் பேர்தான் வரிசை. ஒரே தெருவில் பக்கத்து வீடு மாதிரி என்று எல்லப்பனுக்கு விளக்கினார்.

இவர் சேர்க்கும் கட்சி. இலவத்தைப் பிரிக்கக் கூடாது என்று துரையோடு மல்லுக்கு நின்றார். துரை அந்தக் காலத்தில் ஜெர்மன் கட்சி. உதவிப் பேராசிரியர் பதவி இரண்டு தரம் இவர் வாசல்வரை வந்து திரும்பிப் போனது இலவத்தால்தான்.

பிறகு ஜெர்மனியோடு யுத்தம் வந்தது. துரைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஞானம் பிறந்தது. ஜெர்மன் புத்தகம் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. இலவம் பூவரசு குடும்பத்தைச் சேர்ந்ததே என்று பாடம் நடந்தது. ஜெயித்துவிட்டீர்களே என்று நான் ரயிலில் கை குலுக்கப் போனேன். மனுஷன் கையை உதறினார்.

"சண்டை வந்ததுக்காக இலவம் பூவரசோட சேந்துடுமா சார்? அந்த ஆள் பூவைத் தொறந்து பாத்தாரா? நாளைக்கே சமாதானம் ஆச்சுன்னா மறுபடி பிரிப்பாரா?" என்று பெட்டி அதிரக் கத்தினார். காலேஜிலும் இதையே துரையின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். வாசலைத் தாண்டி உள்ளே வர இருந்த பதவி மூன்றாம் தரமும் திரும்பிப் போயிற்று. அன்று அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்படிப்பட்ட நேர்மையான மனுஷரிடம் எதையும் நம்பிக் கேட்கலாம் என்று நினைத்தேன். என் போதாத காலம்.

நான் கேட்க நினைத்தது அவர் தங்கை கனகத்தை.

தாய் தகப்பன் இல்லாத வீடு. அண்ணனும் தங்கையும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பிற்பகல் ரயிலில் நான் அம்பத்தூர் போவேன். அவர் ஏரிக்கரையில் செடி பிடுங்குவார், நான் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். திரும்பி வந்தால் கனகம் காப்பி கொண்டுவந்து வைப்பாள். "பால்ல தண்ணிதான் அண்ணா, கேள்வி வேண்டாம், குடி" என்பாள். அந்த வீட்டில் அவரை மடக்க ஒருத்திக்குத்தான் வாய் இருந்தது. அவளைப் பார்க்கத்தான் நான் அத்தனை துத்தியைச் சுமந்தேன் என்பது அவளுக்கு முதல் வாரமே தெரியும். பூவுக்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற அண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை.

கனகத்துக்கு மாப்பிள்ளை பார்க்க அவர் ஒரு சாவி தயாரித்திருந்தார். அதை ரயிலில் மனப்பாடமாக ஒப்பிப்பார். நம்மவரா, இல்லையா? உத்தியோகமா, நிலமா? புகையிலை உண்டா, இல்லையா? இப்படிப் போகும். திருநின்றவூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை புகையிலையில் நின்றுபோனார். பூந்தமல்லிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார். "கேட்டதுக்குப் பதில் சொல்றவரா, கேள்வியைத் திருப்பிக் கேக்கறவரா?" என்பது அது. "எதுக்கு சார் கேக்கறீங்க?" என்றாராம் பாவம். கனகத்துக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. ஊர் அவளைப் பேச ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அது உள்ளே அறுத்தது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். "எங்கண்ணன் சாவி பூட்டறதுக்கு மட்டும்தான் சார், தொறக்கறதுக்கு இல்ல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் இறங்கிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஏதோ செடியைப் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உத்தியோகம் உண்டு. புகையிலை இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்றீங்க. எல்லாம் சரி சார். ஆனா நீங்க மொதக் கேள்வியிலேயே நின்னுட்டீங்களே" என்றார். அதுவும் வருத்தத்தோடு சொன்னார். பிறகு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். ருசியே தெரியவில்லை. சாக்கடை ஓரத்துத் துத்திக்குப் பந்தியில் இடம் கொடுத்த மனுஷர் என்னை எழுந்திரு என்றுவிட்டார். அவமானமாக இருந்தது, அதைவிட ஏமாற்றமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அவரே ஆள் அனுப்பினார், இலவம் பூத்திருக்கிறது, உடனே வரவும் என்று. மனுஷனுக்கு அவ்வளவுதான் உலகம். போனேன். ஏரிக்கரையில் அவர் ஒரு பூவை எடுத்துப் பிளேடை வைக்கப் போனார். கனகம் கூடவே வந்திருந்தாள். அண்ணன் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டாள்.

"இதுக்கு எலை எப்பிடி அண்ணா?"

"கை விரல் மாதிரி விரிஞ்சிருக்கும். பூவரசுக்கு விரல் பிரியாத ஒத்தை இலை."

"தண்டு?"

"இதுல முள்ளு. பூவரசுல கெடையாது."

"எலை வேற, முள்ளு வேற. ஆனா ரெண்டும் ஒரே குடும்பம்னு நீ பெரிய வேலையைக் கூட விட்டுக்கொடுத்தே. ஏன்?"

"இலையைப் பாத்துப் பிரிக்கறவன் கத்துக்குட்டி. அதான்."

"எனக்கு மாப்பிள்ள பாக்க நீ பண்ணியே ஒரு சாவி, அதுல மொதக் கேள்வி எது? எலையா, பூவா?" என்றாள் கனகம். "உள்ளே எப்பிடி இருக்கான்னு ஒரு கேள்விகூட இல்லையே அண்ணா அதுல."

அவர் பிளேடைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "செடி வேற, மனுஷன் வேற" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து இரண்டில் ஒன்றாக வராத பதிலை அன்றுதான் கேட்டேன். அது பதிலாகவும் இல்லை.

நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். அவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. எங்கள் பாதிரியாரிடம் போனேன். அவரிடமும் ஒரு சாவி இருந்தது. பெண் ஞானஸ்நானம் பெற்றவளா, இல்லையா? இல்லை என்றதும் அவரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். என் அம்மாவிடம் இன்னும் பழைய சாவி. கதவை ஒருக்களித்துவிட்டு, "அவங்க நம்மளவிட மேலயா, கீழயாடா?" என்று ரகசியமாகக் கேட்டாள். கர்த்தரின் சந்நிதியில் அதெல்லாம் கிடையாது என்று வாராவாரம் பாடுகிற வாய். கடைசியில் பட்டணத்து ரிஜிஸ்தரார் கையெழுத்துப் போட்டு முடித்துவைத்தார். அவர் எங்கள் பேரை மட்டும் கேட்டார்.

அண்ணன் வரவில்லை. அன்றிலிருந்து ரயிலில் பக்கத்துப் பெட்டியில் ஏற ஆரம்பித்தார். எல்லப்பன்தான் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தலையை வெளியே நீட்டிச் சேதி சொல்வார்: "வாத்யாரு ஜன்னலாண்ட குந்திக்கினு கீறாரு. கையில பூ இல்ல." கனகம் ராத்திரி சாப்பாடு போடும்போது, இன்றைக்குப் பூ இருந்ததா என்று கேட்பாள். இல்லை என்பேன். அவளும் சரியாகச் சாப்பிட மாட்டாள். அவரை என்னால் வெறுக்க முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறு வருஷம் இலவம் பூத்தபோது கனகம் நிறைமாதம். ஒருநாள் காலை அம்பத்தூரில் எங்கள் பெட்டிக் கதவு திறந்தது. கைக்குட்டையில் சிவப்பாக எதையோ சுற்றிக்கொண்டு அவர் ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. எல்லப்பன் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"எல்லப்பா, நான் சொன்னது தப்பு. இலவம் தனிக் குடும்பம்தான்."

"இன்னா வாத்யாரே, இப்பிடிக் கவுத்துட்டே! இதுக்காவ வெள்ளக்காரன்கிட்ட அந்தச் சண்ட போட்டியே?"

"மகரந்தத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். பூவரசோடது முள்ளு முள்ளா இருக்கு, இதோடது வழவழன்னு இருக்கு. ரொம்ப நாளாவே அப்பிடித்தான் இருந்தது. பிரிஞ்சு போறது எனக்குப் புடிக்கல. அதனால பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது தனிக்குடித்தனம் போயிட்டுது. போனதைப் போகலன்னு சொல்ல நான் யாரு? ஆனா வரிசை ஒண்ணுதான். இந்த வீடு முடிஞ்சா அடுத்த வீடு அதுதான்."

எல்லப்பன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். விவசாயிக்கு இது விளங்காதா? கூடையை நகர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, போக்குவரத்து உண்டா இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வில்லிவாக்கம் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். ரயில் மறுபடி கிளம்பியது.

"உண்டு" என்றார்.

பையன் பிறந்து மூன்றாம் மாதம் தாய்மாமனாக ஆவடிக்கு வந்தார். தங்க மோதிரம் ஒன்றும், ஒரு பை நிறைய இலவம்பஞ்சும் கொண்டுவந்தார். பஞ்சு குழந்தைக்குத் தலையணைக்கு. ஏரிக்கரை மரத்தில் வெடித்ததை அவரே பொறுக்கிக் கொட்டை நீக்கியிருந்தார். கனகம் பஞ்சை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தார். பையன் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அன்று காலைதான் பாதிரியார் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். கனகத்தின் சொந்தக்காரர்களும் அதே கேள்வியோடு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, நீங்க படிச்சவரு. தாய்மாமன் வேற. நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அம்மா. "கொழந்தைக்கு ஞானஸ்நானமா, திருத்தணியில மொட்டையா? இவன் எந்தப் பக்கம்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களை மடக்கிய கேள்வி அவரிடமே திரும்பி வந்திருந்தது. மூக்கைக் குழந்தையின் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளாமலே என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப வெறும் தளிருதானே இருக்கு அம்மா" என்றார். "பூக்கட்டும். பாத்துச் சொல்றேன்."